செவிலியரின் கணிப்பும் நேரத்தின் கணக்கும்

குடல் அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் நள்ளிரவு. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சீராக உள்ளன. ஆனால், மாலையில் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு எண்ணிக்கை இப்போது 24. கலகலப்பாகப் பேசியவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். பணி மருத்துவரை எழுப்புவதா, இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதா? இதை முடிவு செய்ய வேண்டியவர் அங்கே இருக்கும் செவிலியர்.

மருத்துவர் எழுதியதைச் செய்து முடிப்பவர் என்றே செவிலியரைப் பலரும் எண்ணுகின்றனர். மருத்துவர் நோயாளியின் அருகில் இருப்பது சில நிமிடங்கள். எஞ்சிய நேரமெல்லாம் செவிலியரின் பொறுப்பு. உள்ளே கிருமித்தொற்றோ இரத்தக் கசிவோ தொடங்கினால், உடல் சில மணி நேரம் தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும். மூச்சு வேகம் முதலில் மாறக்கூடும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் சரியும். அது சரிந்த பிறகு கண்டுபிடிப்பதற்கு மருத்துவப் படிப்போ செவிலியப் படிப்போ தேவையில்லை.

பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். 5 வந்தால் அவசரம். 7 வந்தால் மிக அவசரம். பயனுள்ள முறைதான். ஆனால், மேலே சொன்ன நோயாளியின் ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தால், அவர் பெறுவது 2 மட்டுமே. 'பேச்சுக் குறைந்துவிட்டது' என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை. மதிப்பெண் கணிப்புக்குத் துணையே தவிர மாற்றல்ல என்று அக்கல்லூரியே கூறியிருக்கிறது.

இனி ஓர் எளிய கணக்கு. இந்த ஆறையும் பார்த்துப் பதிவுசெய்ய ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 30 படுக்கைகளுக்கு ஒரே செவிலியர் என்றால், ஒரு சுற்றுக்கு 150 நிமிடம். மருந்து, ஊசி, ஏற்றும் குளுக்கோஸ், பதிவேடு, உறவினரின் கேள்விகள் எல்லாம் இதற்கு வெளியே. இந்நிலையில் மூச்சை ஒரு முழு நிமிடம் யார் எண்ணுவது? எண்ணாமலேயே எல்லோருக்கும் 20 என்று எழுதும் பழக்கம் இப்படித்தான் உருவாகிறது. அதைச் சோம்பல் என்று திட்டுவது எளிது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்பதே அது. தொடர்பு இருப்பதாலேயே அதைக் காரணம் என்று கொள்ளலாமா என்று பொருளியல் மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும் அதே 7 விழுக்காடு வந்ததை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியா, செவிலியர்-நோயாளி விகிதத்தை 2004 முதல் சட்டப்படி நடைமுறைப்படுத்தி வருகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு செவிலியர் ஆணையச் சட்டம் கல்வித் தரம், பதிவு ஆகியவற்றை முறைப்படுத்துகிறது. அத்தகைய விகிதம் எதையும் அது விதிக்கவில்லை.

நிர்வாகத்தின் கணக்கில் செவிலியர் ஊதியம் செலவாகத் தெரிகிறது. தடுக்கப்பட்ட மரணம் வரவாகத் தெரிவதில்லை. அனுபவத்துக்கும் இதே கதிதான். புதியவர் விதியைப் பார்க்கிறார், தேர்ந்தவர் நிலைமையை முழுதாகப் பார்க்கிறார் என்று பட்ரீசியா பென்னர் 1984-இலேயே விளக்கினார். அந்தத் தேர்ச்சிக்கு ஆண்டுகள் வேண்டும். தமிழகத்தில் 2015-இல் தேர்வான செவிலியர் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் பணியைத் தொடங்கினர். இத்தகைய ஊதியத்தில் எத்தனை பேரை அதே வார்டில் பத்தாண்டு தக்கவைக்க முடியும்?

காசு செலவாகாத சீர்திருத்தமும் ஒன்று உண்டு. தேவையின்றி மருத்துவரை எழுப்புவதும் பிழை; எழுப்ப வேண்டிய நேரத்தில் எழுப்பாததும் பிழை. முதலாவதால் போவது அரை மணி நேரத் தூக்கம். இரண்டாவதால் ஓர் உயிரே போகலாம். 'இதற்காகவா கூப்பிட்டாய்?' என்று ஒருமுறை கடிந்துகொண்டால், அச்செவிலியர் அடுத்த முறை தயங்குவார். ஆகவே, ஐயம் எழுந்து அழைத்தவரைக் கடியக் கூடாது என்பதை மருத்துவமனைகள் எழுத்துப்பூர்வ விதியாக்கலாம். ஒவ்வொரு பணிமுறையிலும் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் என்பதை வார்டு வாயிலில் எழுதியும் வைக்கலாம். அதற்கு ஒரு கரும்பலகை போதும்.