திரையில் படம் குழம்பினால் என்ன செய்யலாம்?

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியே உள்ள கிராமங்களில் 1990இலும், பின்னர் 2007இலும் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் கையில் எடுத்துச் சென்றவை மிகச் சில. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஒருசில படங்கள். சிலர் கலியாண வீட்டு வீடியோக் கசற்றையும் உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அந்தக் கசற்றுகள் கடைகளில் இறுவட்டுக்கு மாற்றப்பட்டன. பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய பழைய கணனியில் அந்த இறுவட்டைப் போட்டால்தான், இப்போது எம்மோடு இல்லாத ஒருவரின் முகத்தையும் நடையையும் காண முடிகிறது.

அப்படியான படம் ஒருநாள் கட்டங்கட்டமாக உடைந்து தெரிந்தால், அல்லது சத்தம் மட்டும் கேட்டுத் திரை கறுத்துப் போனால், மனம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் கணனியைக் கடைக்குக் கொண்டு போகிறோம். "ஃபோர்மட் பண்ணினால் சரிவரும்" என்று சொல்கிறார்கள். நாமும் தலையாட்டி விடுகிறோம். ஃபோர்மட் செய்வதென்றால் கணனியின் வன்தட்டை வெறுமையாக்குவது. அதனால் திரைக் கோளாறு தீரலாம், தீராமலும் போகலாம். ஆனால் வன்தட்டில் இருந்த படங்கள் போய்விடும்.

ஆகவே முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். படம் தெரியவில்லை என்பதும் படம் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

மூன்று இடங்கள்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் உடனே வயலைக் கொத்துவதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பா, வயலிலேதான் பிழையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணனியும் அவ்வாறே. இறுவட்டிலோ வன்தட்டிலோ உள்ள பதிவு குளம். அதை எடுத்துப் படமாக்கும் கணனி வாய்க்கால். கண்ணுக்குத் தெரியும் திரை வயல். எந்த இடத்தில் பிழை என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திரையைச் சோதித்தல்

திரையின் ஓரத்திலோ அடியிலோ சில பொத்தான்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை அழுத்தினால் வெளிச்சம், நிறம் ஆகியவற்றை மாற்றும் சிறிய பட்டியல் ஒன்று தோன்றும். அந்தப் பட்டியல் கணனியிலிருந்து வருவதில்லை, திரையே உருவாக்குவது. அந்தப் பட்டியலும் நடுங்கினால், அல்லது அதன் மேலும் கோடுகள் விழுந்தால், பிழை திரையில் அல்லது அதற்கு வரும் மின்சாரத்தில். தண்ணீர் மோட்டர் ஓடும்போது மட்டும் படம் நடுங்குகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் குறைபாடு வீட்டு மின்னிணைப்பில். கணனியைக் குறைசொல்லிப் பயனில்லை.

பழைய கணனிகளில் திரைக்குப் போகும் வயரின் முனையில் 15 ஊசிகள் இருக்கும். இது 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகம் செய்த முறை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனி ஊசிகளினூடாகச் செல்கின்றன. நீலம் வராவிட்டால் திரை மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். சிவப்பு வராவிட்டால் நீலப்பச்சையாகும். இப்படித் திரை முழுவதும் ஒரே நிறமேறித் தெரிந்தால் கணனியை நிறுத்தி, வயரைக் கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் பொருத்தி இரு பக்கத் திருகாணிகளையும் கையால் இறுக்குங்கள். பல வேளைகளில் இதுவே போதும்.

கணனியைச் சோதித்தல்

படம் குழம்பியிருக்கும் நேரத்தில் விசைப்பலகையின் "பிரின்ட் ஸ்கிரீன்" பொத்தானை அழுத்தி, திரையின் பிரதியைச் சேமித்து, அதை வேறொரு தொலைபேசியில் திறந்து பாருங்கள். அதிலும் அதே கோளாறு தெரிந்தால் பிழை கணனிக்குள்ளே. பிரதி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பிழை வயரில் அல்லது திரையில்.

வீடியோ பார்க்கும்போது மட்டும் கோளாறு என்றால் வேறு இரண்டு மூன்று வீடியோக்களையும் ஓடவிடுங்கள். எல்லாமே பச்சையாகவோ கிழிந்தோ தெரிந்தால், வீடியோவை விரித்துக் காட்டும் முறையில் பிழை. இதற்குப் பயன்படும் மென்பொருள் வி.எல்.சி. பாரிஸ் நகர மாணவர்கள் தொடக்கிய இது 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் - கோடெக்ஸ் என்ற வரிசையில் சென்று, "ஹார்ட்வெயார் அக்ஸலரேட்டட் டிகோடிங்" என்பதை "டிஸேபிள்" ஆக்குங்கள். படத்தை விரிக்கும் வேலையை அதற்கெனவுள்ள அட்டையிடம் கொடுக்காமல் கணனியே செய்யும். படம் திருந்திவிட்டால், அட்டையை இயக்கும் "டிரைவர்" மென்பொருளே பிழை. அதைப் புதுப்பித்தால் போதும்.

சத்தம் கேட்டுப் படம் தெரியாவிட்டால் காரணம் வேறு. ஒரே வண்டியில் இரண்டு மூடைகள் வருவதுபோல், ஒரு கோப்பில் ஒலியும் ஒளியும் தனித்தனியே கட்டப்பட்டிருக்கும். ஒரு மூடையின் கட்டை அவிழ்க்கத் தெரிந்த கணனிக்கு மற்றதை அவிழ்க்கத் தெரியாதிருக்கலாம். வி.எல்.சி. பெரும்பாலான கட்டுகளை அவிழ்க்கும். விண்டோஸில் 2012இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து டிவிடி ஓட்டும் வசதி சேர்த்துத் தரப்படுவதில்லை. ஆகவே புதிய கணனி உங்கள் டிவிடியை ஏற்காவிட்டால், டிவிடி பழுது என்று எறிந்துவிட வேண்டாம்.

படம் விட்டுவிட்டு ஓடினால் சூட்டையும் தூசியையும் நினையுங்கள். சூடடிப்புக் காலத்துத் தூசியும் வாவிக் காற்றின் ஈரமும் விசிறியில் படிந்தால் கணனி சூடேறி மெதுவாகும். மின்சாரத்தைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள்.

பதிவைச் சோதித்தல்

ஒரு குறிப்பிட்ட இறுவட்டு மட்டும், ஒரே இடத்தில் கட்டங்கட்டமாக உடைகிறதா? அப்படியானால் பிழை பதிவில். எமது நாட்டு முறையில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள். இவை எல்லாமே முழுமையாகப் பதியப்படுவதில்லை. இடைக்கிடை ஒரு முழுப் படமும், அடுத்த முழுப் படம் வரும்வரை ஏற்படும் மாற்றங்களும் மட்டுமே பதியப்படுகின்றன. முழுப் படம் இருந்த இடத்தில் கீறல் விழுந்தால், பின்வரும் மாற்றங்கள் பொருந்த இடமின்றிச் சிதறுகின்றன. அடுத்த முழுப் படம் வந்ததும் முகம் தெளிகிறது. இந்த இறுவட்டு முற்றாக அழியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சுத்தமான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் படக் கூடாது. சீடியின் எழுத்துள்ள பக்கத்தின் கீழேதான் பதிவுப் படை மெல்லியதாக இருக்கிறது. ஆகவே அதில் பேனையால் அழுத்தி எழுதக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது.

ஆட்கள் அசையும்போது மட்டும் சீப்புப் பல்லைப்போல் கோடுகள் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்துத் தொலைக்காட்சி முறையில் ஒவ்வொரு படமும் இரு பாதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்பட்டது. கணனி இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் பல் தெரிகிறது. வி.எல்.சி.யில் வீடியோ பட்டியலில் உள்ள "டீஇன்டர்லேஸ்" என்பதை "ஒன்" ஆக்கினால் அது மறையும்.

திருத்த முன் பிரதி

எந்தத் திருத்த வேலைக்கும் முன்னர் பிரதி எடுங்கள். கணனித் திரை பழுதென்றால் தொலைக்காட்சியையோ வேறொரு திரையையோ இணைத்துப் பிரதி எடுக்கலாம். வீசீடியில் "எம்பெக் ஏவி" என்ற கோப்புறையில் உள்ள பெரிய கோப்பே படம். ஒரு கணனி வாசிக்க மறுக்கும் இறுவட்டை இன்னொன்று வாசிப்பதுண்டு. ஆகவே இரண்டு மூன்று கணனிகளில் முயன்று பாருங்கள். வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் பிரதி எடுக்கும் இலவச மென்பொருட்களும் உள்ளன. சில நொடிகள் போனாலும் மீதி கிடைக்கும்.

பிரதி இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்று வீட்டில், உறுதிப் பத்திரங்களோடு ஒரே பையில். மற்றது வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் 2011 ஜனவரி வெள்ளமும் கண்ட எமக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் பின்னர் கணனியைக் கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது, "எங்களைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், ஒரு காசைத் தொலைத்த பெண் வீட்டை இடித்துத் தேடவில்லை. விளக்கை ஏற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கவனமாகத் தேடினாள். தொலைந்ததாக நினைத்தது வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. எமது திரையின் முன்னாலும் அந்த ஒழுங்கைக் கைக்கொள்வோம்.