ஆறு மாதம் நிற்கும் ஊசி

பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றினால் டாக்டர் அதைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். சில நாளில் சரியாகும். ஒருமுறை போட்டால் ஆறு மாதம் நிற்கும் மருந்தென்றால்?

அப்படியொன்று ஆய்வில் இருக்கிறது, சிலெபெசிரான். கல்லீரல் சுரக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்திலிருந்துதான் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் பிறக்கிறது. எனலாபிரில், டெல்மிசார்ட்டன் எல்லாம் அதற்கடுத்த கட்டங்களில் மறிப்பவை. இதுவோ அந்தப் புரதம் உருவாவதற்கான ஆர்.என்.ஏ. கட்டளையையே சிதைக்கிறது. மருந்தும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.தான். இயந்திரத்தில் ஒவ்வொரு அலகாகக் கோத்து, உடல் சீக்கிரம் கரைத்துவிடாதபடி ஃபுளோரின், மெத்தில் சேர்த்து, கல்லீரல் செல் அடையாளம் கண்டு உள்ளிழுக்கும் சர்க்கரையை ஒரு முனையில் ஒட்டுகிறார்கள். 2023இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரே ஊசியாகப் போட்டவர்களுக்கு 24 வாரம்வரை அழுத்தம் குறைந்தே இருந்தது.

கெட்டிக்கார வேதியியல். ஆனால் சித்திரை வெயிலில் கிளியனூர்க் கழனியில் நிற்பவருக்கு வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால், பிரஷர் சரியாமல் தாங்கிப்பிடிப்பது இதே ஆஞ்சியோடென்சின். போட்ட ஊசியைத் திரும்ப உருவ முடியாது. இந்தப் பாதையை மறிக்கும் மருந்துகள் கர்ப்பிணிக்கும் ஆகாது.

இதுவோ வேறெதுவோ, 'புது மருந்து, இலவசம்' என்று ஆய்வில் சேரச் சொல்லிப் பேச்சு வந்தால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளை நினைவில் வையுங்கள். விவரத்தாள் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பற்ற சாட்சி உடனிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டும். அதில் ஆண்டு வருமானமும் நாமினி பெயரும் கேட்டிருக்கும். ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று நினைத்து அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். நஷ்டஈட்டுக்குத்தான் அந்த இடம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. ஆனால் நீங்கள் விலகினாலும் மருந்து விலகாதே! அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: விலகிய பிறகு எத்தனை மாதம் பரிசோதிப்பீர்கள்? ராத்திரியில் மயக்கம் வந்தால் யாருக்குப் போன் செய்வது? திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்குள்ள டாக்டரிடம் எதைக் காட்டுவது?

ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். ஆய்வுதான் காரணமென்று உறுதியானால் நஷ்டஈடும் உண்டு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்ட 30 நாளில் ஆய்வு நடத்தும் கம்பெனி தர வேண்டும். முறையிட, ஆய்வைக் கண்காணிக்கும் நன்னெறிக் குழு இருக்கிறது, தொடர்பு விவரம் விவரத்தாளிலேயே கிடைக்கும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினால் பேனாவைத் தொடாதீர்கள்.