கிளினிக்கில் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவ பக்கத் தோட்டங்களில் கர்ப்பிணி ஒருத்தியைத் தொடர்ந்து சந்திக்கும் அரச ஊழியர் குடும்பநல உத்தியோகத்தர்தான். சனம் 'மிட்வைஃப் மிஸ்' என்பார்கள். நிறையும் இரத்த அழுத்தமும் கருவிகளில் தெரிந்துவிடும். வீட்டில் விழும் அடியைக் கேட்டால்தான் அறியலாம்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, துணையுடன் வாழும் அல்லது வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் (20.4 வீதம்) அத்துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியுள்ளார். கர்ப்ப காலத்தில் இது இரத்தப்போக்கு, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த குழந்தை என முடியலாம்.

ஏன் சொல்வதில்லை? வெட்கம் ஒரு காரணம். லய வீடு அவள் பெயரில் இல்லை. கணவனை விட்டால் கூரையும் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. மொழியும் தடைதான். உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாதபோது கூட வந்த கணவனோ மாமியாரோ மொழிபெயர்த்தால், உண்மை எப்படி வெளியே வரும்?

1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும், போரைக் கடந்த மற்றவர்களுக்கும் இன்னொரு தயக்கம் உண்டு: பொலிஸ் நிலையப் படியேறுவது. அதனால்தான் கிளினிக் முக்கியமான வாசலாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி, வன்முறையால் ஏற்படக்கூடிய அறிகுறிகள் தென்பட்டால் கர்ப்பிணியிடம் அதுபற்றிக் கேட்பதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். கேட்பவரால் உதவவும் முடிய வேண்டும். அந்த உதவிக்காகவே அரச மருத்துவமனைகள் பலவற்றில் 'மிதுரு பியச' எனப்படும் நட்பு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே ஆலோசனையும், தேவையானால் சட்ட உதவிக்கு வழிகாட்டலும் கிடைக்கும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட பெண் நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாகப் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது கணவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல. அவசரமானால் 14 நாட்கள் வரை இடைக்காலக் கட்டளை கிடைக்கும். முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். அதை மீறினால்தான் தண்டனை. மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

கிளினிக்குக்குக் கூடப் போகும் உறவினர்களும் ஒன்று செய்யலாம். ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டும்.