நடுவில் எழுந்து போகும் வேலை

பள்ளிப்பட்டுப் பக்கம் தறிச்சத்தம் காதுக்குப் பழகிப்போன ஒன்று. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், எல்லை தாண்டினால் ஆந்திரத்து நகரி என்று வரிசையாக நெசவு ஊர்கள். 1960-ல் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு சேர்ந்து எல்லைக்கோடு மாறியது. நெசவு மட்டும் இரண்டு பக்கமும் தொடர்கிறது.

சொந்தத் தறி வைத்திருப்பவருக்கு அதில் ஒரு பெருமை. நூலை முதலாளி கொடுத்தாலும், கிடைப்பது கூலியே ஆனாலும், ‘நம்ம தறி’ என்று சொல்லலாம். அதே வீட்டுப் பெண்ணிடம் என்ன வேலை என்று கேட்டால், பெரும்பாலும் “வீட்லதாங்க இருக்கேன்” என்றுதான் பதில் வரும். நெய்வதற்கான நூலைக் குழலில் தாராகச் சுற்றுவதும் அறுந்த இழையை முடிவதும் அந்த ‘வீட்ல’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்யும் ஆண்களில் 53.6 சதவீதம் பேர் சுயதொழிலில் இருக்கிறார்கள்; பெண்களில் 67.4 சதவீதம். பெண்கள் முந்திவிட்டார்கள் என்று மகிழ்வதற்கில்லை. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்கள்.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு மட்டும், அதைச் செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. தொழில் தேடும் ஆண் எதில் லாபம் என்று பார்க்கிறார். பெண் பார்ப்பது வேறு: பால் பொங்கினால், குழந்தை அழுதால், மாமியார் கூப்பிட்டால், எதைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம்? தையல், இட்லி மாவு, பூக்கட்டு, தார் சுற்றுதல் எல்லாம் அந்தச் சல்லடையில் தங்கியவை. நடுவில் விடக்கூடிய வேலைக்குக் கூலியும் குறைவு.

வழி பிறக்காமல் இல்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், பெண் பெயரில் கடன் கிடைக்கச் செய்தது. ஆனால் அந்தக் கடனில் வாங்கும் தறி யார் பெயரில் இருக்கிறது? 2023 முதல் தமிழகத்தில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். சலுகை தறியைத் தேடி வருகிறது. தார் சுற்றுபவரைத் தேடி எதுவும் வரவில்லை.

கூலி நோட்டில் நெய்தவர் பெயருக்குப் பக்கத்தில் தார் சுற்றியவர் பெயரையும் எழுதிப் பார்க்கலாம். அடுத்த முறை என்ன வேலை என்று கேட்கும்போது, “தறி வேலைங்க” என்று அவர் சொல்லக்கூடும்.