மோஸ்தாரின் கல்வளைவு

பொஸ்னியா-ஹெர்ஸகோவினாவில் நெரெத்வா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த நகரம் மோஸ்தார். ‘மோஸ்த்’ என்றால் அவ்வூர் மொழியில் பாலம். ‘மோஸ்தாரி’ என்போர் பாலக் காவலர். அஸர் தொழுகைக்குப் பின் பழைய கடைத்தெருவைக் கடந்து, ஊருக்குப் பெயர் தந்த அப்பாலத்தின் மீது ஏறினோம். நடப்போர் வழுக்கி விழாதிருக்கக் கல் வரம்புகள் எழுப்பியிருக்கின்றனர்.

இங்கிருந்த மரப்பாலத்திற்குப் பதிலாகக் கற்பாலம் அமைக்க ஆணையிட்டவர் உஸ்மானிய சுல்தான் சுலைமான். பணி 1557இல் தொடங்கியது. மிஃமார் ஸினானின் மாணவர் ஹைருத்தீன், நடுவே தூண் ஏதுமின்றி, ஏறத்தாழ 29 மீட்டர் இடைவெளியை ஒரே வளைவால் இணைத்தார். ‘தெனெலியா’ எனும் உள்ளூர்ச் சுண்ணக்கற்கள் இரும்பால் பிணைக்கப்பட்டு, ஈயம் உருக்கி வார்க்கப்பட்டது. பாலம் முடிந்த ஆண்டைக் குறிக்கும் தொடர் ‘குத்ரத் கெமரீ’. இறையாற்றலின் வளைவு என்பது பொருள். அப்ஜத் கணக்கில் முதற்சொல் 704, இரண்டாம் சொல் 270; ஆக ஹிஜ்ரி 974. கி.பி. 1566இல் பிறந்த அந்த ஹிஜ்ரி ஆண்டிலேயே சுல்தானும் மறைந்தார்.

நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்ற அவ்வளைவு, 1993 நவம்பர் 9ஆம் நாள் குரோஷியப் படையினரின் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் விழுந்தது. 1992இல் செர்பியப் படைகளை எதிர்த்து ஒன்றாய் நின்ற குரோஷியரும் பொஸ்னிய முஸ்லிம்களும் மறு ஆண்டே தமக்குள் பொருதினர். அப்போரின் எல்லைக்கோடு ஆறுதான் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஆற்றுக்கு மேற்கேயுள்ள ‘புலேவார்’ எனும் பெருந்தெருவே எல்லையாயிருந்தது. பாலத்தின் இரு முனைகளும் முஸ்லிம்கள் வசமிருந்த பகுதியிலேயே இருந்தன.

ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பழங்கற்களுள் பெரும்பாலானவை மீண்டும் பயன்படவில்லை. அதே வகைக் கல்லை வெட்டி, பழைய அளவும் முறையும் பிசகாது கட்டினர். 2004 ஜூலை 23இல் பாலம் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அப்படியாயின் நாம் நின்றது ஹைருத்தீனின் பாலத்தின் மீதா, அதன் நகலின் மீதா? மூலச்சுவடி எரிந்துபோனாலும், ஸனது முறிவின்றி வந்த பிரதியை நாம் அந்நூலாகவே ஓதுகிறோம், ஓதுவிக்கிறோம். இங்கே கல்லும் அளவும் கைமுறையுமே ஸனது. ஆகவே இதை அதே பாலம் என்பதில் நமக்குத் தயக்கமில்லை.

எனினும், நூல் ஓதப்பட வேண்டும்; பாலத்தின் இரு புறத்தாரும் கலந்து வாழ வேண்டும். 2008க்குப் பின் 2020 வரை இந்நகரில் உள்ளாட்சித் தேர்தலே நடைபெறவில்லை. ஆட்சியைப் பகிர்வதில் இரு தரப்பாரும் உடன்படாததே காரணம். பாலத்தோரக் கல்லொன்றில் ‘93ஐ மறவாதீர்’ என்று எழுதியிருப்பதைக் கண்டோம். பின்னர் மேற்கே சில நிமிடம் நடந்து புலேவாரை அடைந்தோம். உண்மையில் கடக்க வேண்டிய இடம் அதுவே. அதன் குறுக்கே கட்டுவதற்குக் கல் மட்டும் போதாது.