ஆங்கிலத்தில் பெயர்வடிவும் வினைவடிவும்: தமிழிலக்கணம் தரும் துணை

முன்னுரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒருசேரக் கற்கின்றனர். தமிழ்வழிக் கல்வி ஆங்கிலத்திற்குத் தடையாகுமோ என்னும் ஐயம் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் வாழும் பெற்றோர் பலர்க்கு உண்டு. கணிதமும் அறிவியலும் 2003 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை அறிந்தோர்க்கு இவ்வையம் இயல்பானதே. எனினும், ஆங்கில இலக்கணத்தின் கடினமான பகுதி ஒன்றில் தமிழறிவு தடையாகாமல் துணையாகிறது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

சிக்கலின் இயல்பு

ஆங்கிலத்தில் ஒரு வினையைத் தொடர்ந்து மற்றொரு வினை வருமிடத்து, ‘டாக்கிங்’ என்னும் பெயர்வடிவை ஆள்வதா, ‘டு டாக்’ என்னும் எச்சவடிவை ஆள்வதா என மாணவர் தடுமாறுகின்றனர். ‘ஸ்டாப்ட் டாக்கிங்’ என்பதற்கும் ‘ஸ்டாப்ட் டு டாக்’ என்பதற்கும் பொருள் முற்றிலும் வேறு. மலாயில் ‘பெர்ஹெந்தி பெர்ச்சாக்காப்’ என்றாலும் ‘பெர்ஹெந்தி உந்துக் பெர்ச்சாக்காப்’ என்றாலும் இரண்டாம் வினையின் வடிவம் மாறுவதில்லை. தமிழிலோ முன்னது ‘பேசுவதை நிறுத்தினான்’. பின்னது ‘பேச நின்றான்’. ஆங்கிலம் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் முன்னரே காட்டிவிடுகிறது.

வேற்றுமை என்னும் சோதனை

பெயர் வேற்றுமை ஏற்கும்; வினை ஏலாது. தொல்காப்பியம் வினையியலின் தொடக்கத்திலேயே இவ்வரையறை காணப்படுகிறது. ‘பேசுவது’ என்னும் தொழிற்பெயர் ஐயுருபை ஏற்கிறது. ‘பேச’ என்னும் எச்சம் ஏற்பதில்லை. ஆகவே, தமிழ்த்தொடரில் வேற்றுமையுருபு வருமாயின் ஆங்கிலத்தில் பெயர்வடிவையும், ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் வருமாயின் ‘டு’ வடிவையும் தேரலாம். ‘நீந்துவதில் வல்லவன்’ என்பது ‘குட் அட் சுவிம்மிங்’ ஆகும்; ‘வர மறுத்தான்’ என்பது ‘ரெஃப்யூஸ்ட் டு கம்’ ஆகும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதன் பின் மாணவர் பெரிதும் பிழை செய்வர். ‘காண்பதை எதிர்நோக்குகிறேன்’ எனத் தமிழில் எண்ணிப் பார்ப்பின் ‘சீயிங்’ என்பதே பொருந்தும் எனத் தெளியலாம்.

சோதனையின் எல்லை

இச்சோதனை எல்லா இடத்தும் செல்லாது. ‘எழுதி முடித்தான்’ என்பதில் உருபு இல்லை. ஆங்கிலமோ பெயர்வடிவையே வேண்டும். ‘வருவதாக உறுதியளித்தான்’ என்பதற்கு ஆங்கிலம் ‘டு கம்’ என்னும் வடிவை வேண்டும். எல்லாவற்றினும் கவனத்திற்குரியது நோக்கப்பொருள். ‘வாங்கச் சென்றான்’, ‘வாங்குவதற்குச் சென்றான்’ என்னும் இரண்டும் தமிழில் வழுவற்றவை. பின்னதைப் பின்பற்றி ‘வென்ட் ஃபார் பையிங்’ என எழுதுவது பிழை. ‘வென்ட் டு பை’ என்பதே முறை. நோக்கம் குறிக்குமிடத்து ‘செய’ எச்சத்தையே கொண்டு சோதிக்குமாறு பயிற்றுதல் வேண்டும்.

முடிவுரை

தொழிற்பெயரும் வினையெச்சமும் தமிழ் வகுப்பில் தேர்வுக்குரிய வரையறைகளாக மட்டும் நின்றுவிடுதல் கூடாது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து பேசி, இவ்விணைத்தொடர்களை இரு வகுப்புகளிலும் பயிற்றுவிப்பாராயின், ஓர் இலக்கணப் பயிற்சி இரு மொழிக்கும் பயன்படும். தமிழ் கற்பதால் ஆங்கிலம் குன்றும் என அஞ்சும் பெற்றோர்க்கு, மாணவரின் ஆங்கிலக் குறிப்பேடே தக்க விடையாக அமையும்.