எம்.எஸ். நோய்க்கு வைட்டமின் டி: எவ்வளவு நம்பலாம்?

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையை அரிக்கும் நோய். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், சில வாரங்களில் தேறும், பிறகு மறுபடி கிளம்பும். நோயின் பெயர் தெரிந்ததுமே, "வைட்டமின் டி சாப்பிட்டால் சரியாகிவிடுமாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. அந்த அளவைத் தாண்டி நம்பினால் ஆபத்து.

சந்தேகம் எழுந்த விதம்

நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகப் போக எம்.எஸ். கூடுவதாகப் பல காலமாகவே கவனித்திருந்தார்கள். வெயில் குறைவதுதான் காரணமோ என்ற கேள்வி அதிலிருந்து வந்தது. 2006-இல் வெளியான ஒரு ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. அமெரிக்க ராணுவத்தினர் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரத்த மாதிரிகள் சேமிப்பில் இருந்தன. பின்னாளில் எம்.எஸ். வந்த 257 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர்களில் வைட்டமின் டி மிகுந்திருந்தவர்களுக்கு, மிகக் குறைந்திருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைவு. கறுப்பினத்தவரிடமும் ஹிஸ்பானியரிடமும் இந்தத் தொடர்பு தென்படவில்லை. அதனால் இந்த எண்ணை நம் உடம்புக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல என்றே நினைக்கிறேன். தவிர, வைட்டமின் குறைவு ஒன்றே காரணமும் அல்ல. எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றுக்குப் பின் எம்.எஸ். அபாயம் 32 மடங்கு உயர்வதை 2022-இல் மற்றொரு பெரிய ஆய்வு காட்டியது.

எதிர்ப்புச் சக்தியில் அதன் வேலை

தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, ஹார்மோன் போலச் செயல்படுகிறது. டி (T) செல், பி (B) செல் போன்ற எதிர்ப்பு அணுக்களில் அதை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் டி செல்களை அது அடக்குகிறது. கட்டுப்படுத்தும் டி செல்களுக்கு வலுவூட்டுகிறது. ஆய்வகத்தில் தெரியும் இந்தப் பலன் நோயாளியின் உடம்பிலும் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

நோயாளிகளிடம் சோதித்தபோது

2025-இல் பிரான்சிலிருந்து வந்த டி-லே எம்.எஸ். சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதல் தாக்குதல் மட்டுமே கண்ட, எம்.எஸ். மருந்து எதுவும் தொடங்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய்ச் செயல்பாடு தென்பட்டது வைட்டமின் பெற்றவர்களில் 60.3 சதவீதத்தினரிடம், போலி மருந்து பெற்றவர்களில் 74.1 சதவீதத்தினரிடம். ஆனால் இந்த வித்தியாசம் பெரிதும் எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரிந்தது. நோயாளி உணரும் தாக்குதல்களில் உறுதியான வித்தியாசம் இல்லை. வைட்டமின் பெற்றும் பத்தில் ஆறு பேரிடம் நோய்ச் செயல்பாடு தொடர்ந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏற்கனவே எம்.எஸ். மருந்து எடுப்பவர்களிடம் நம்பிக்கை இன்னும் குறைவு. 2023-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் தினமும் 5,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் 600 யூனிட் எடுத்தவர்களுக்கும் தாக்குதல்களில் வேறுபாடு இல்லை. இன்று இந்நோய்க்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டு வைட்டமினை மட்டும் நம்பி ஒருவர் நடக்கும் திறனை இழந்தால், அது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு.

60,000 யூனிட் பாக்கெட்

நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடியும் மாத்திரையும் வழக்கமாக வாரம் ஒன்று என, சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுபவை. தினமும் ஒன்று என்று தவறிப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடலாம். அளவுக்கு மீறிய தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், களைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். களைப்பும் மலச்சிக்கலும் எம்.எஸ்.ஸிலும் வரும் என்பதால், நோய்தான் முற்றுகிறது என்று வீட்டார் நினைத்துவிடக்கூடும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பார்த்து, குறைவாக இருந்தால் நிறைவு செய்துகொள்ளுங்கள். எலும்புக்காகவேனும் அது தேவை. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் எலும்பு சீக்கிரம் தேயும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வைட்டமின் அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.